விளக்கெண்ணெயில் ஓடிய கால் மைல்

இதை அச்சுக் கோர்க்கப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை, பேனாவையும் முறுக்கப் பார்க்கிறது. எழுத்துப் பிழை கண்ட இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்தே புரியாத இடத்தில் என்னிடம் ஆள் அனுப்புங்கள், வந்து சொல்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு லாரி பட்டறையில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டராக இருந்தேன். முதலாளி ஐயர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரி வாயுவில் ஓடின. அதற்கான உருளைகளை மாட்டுவதும் கழற்றுவதும்தான் எங்கள் வேலை. குளித்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். எனக்கு ஆசையெல்லாம் மோட்டார் சைக்கிள் மேல்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பினார். அவர் பங்களா லாயத்தில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை முதலாளி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து வண்டி. ஒற்றை சிலிண்டர், தட்டையான பெட்ரோல் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்திலேயே கியர் மாற்றுகிற கைப்பிடி. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று முதலாளி அதை ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. "மொதலாளி, அத நான் ஓட வெக்கிறேன்."

அவர் பொடி டப்பாவை மூடினார். "ஓட வெச்சு?"

"பின்னால கீற கொட்டாய குடுத்தீங்கன்னா, மோட்டார் சைக்கிள் வேல தனியா பாக்கலாம்."

"வர்றவாளோட பேசக்கூட மாட்டே. ஒன்ன நம்பி யாருடா வண்டிய விடுவா?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "அடையாத்துல மோட்டார் சைக்கிள் பந்தயம் விடப்போறாளாம். கால் மைல். நாலு பேர் எதிர்ல கடைசிக் கோடு வரைக்கும் நிக்காம ஓட்டிக் காட்டு. கொட்டாய் ஒன்னோடது. நடுவுல நின்னுதோ, அது இரும்புக் கடைக்கு, நீ லாரிக்கு. சரியா?"

தலையை ஆட்டினேன்.

சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தேன். பத்தாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டியதும் பிஸ்டன் இறங்கியது. அதன் வளையங்கள் துண்டு துண்டாகக் கையோடு வந்தன. அந்த அளவில் வளையம் எந்தக் கடையிலும் இல்லை. பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளி லேத் வைத்திருந்த பாய், உடைந்த லாரி சிலிண்டர் ஒன்றிலிருந்தே வளையம் கடைந்து கொடுத்தார். மாட்டும்போது நாலு உடைந்தது. ஐந்தாவதும் உடைந்தபோது, "அரே நைனா, வளையமா அப்பளமா?" என்று சிரித்துவிட்டு மறுபடி லேத்தை ஓட்டினார். மதியச் சாப்பாட்டு வேளையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் எங்களுக்கு நேரம். ஏழு மாதம் ஆனது.

பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் தாங்கும் என்று பாய் யாரிடமோ கேட்டு வந்தார். அது பழைய எண்ணெயோடு சேராது, திரிந்துவிடும். அதனால் எஞ்சினை உள்ளும் புறமும் பெட்ரோலால் கழுவி, செக்கு எண்ணெய் வாங்கி ஊற்றினோம். முதல் தடவை அது வெடித்துக் கிளம்பியபோது வந்த புகை, தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் குழந்தைகளுக்குப் பேதி மருந்து கொடுத்த மாதிரி இருந்தது.

"நீங்களே ஓட்டுங்க பாய்" என்றேன்.

"நான் ஏறினா டயர் அழும். காத்தடிச்சா பறக்கிற ஒடம்பு ஒனக்குத்தான் கீது."

பந்தயத்தன்று காலை முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தொட்டி மூடியின் மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் இட்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு அடையாற்றுக்குப் போனோம்.

கடற்கரைக்குப் போகிற நேர் சாலையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். ஏழு வண்டிகள், ஆளுக்கு இரண்டு ஓட்டம். ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள், இரண்டில் நல்லதுதான் கணக்கு. மற்ற ஆறும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள், எங்களுடையதைவிட வயதில் இளையவை. என் முறைக்காக எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு நின்றபோது கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "இன்னா மாமா, வண்டிக்கு வவுறு சரியில்லியா? வெளக்கெண்ண நாத்தம் தாங்கல!"

எல்லாரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது. கொடி இறங்கியதும் கிளம்பினேன். இரண்டாம் கியர் போட்டேன். பாதி தூரத்தில் எஞ்சின் இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்த தூரம்தான் என் வாழ்க்கையில் நீளமான கால் மைல். முதலாளி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டாம் ஓட்டம் பாக்கி இருந்ததால் கிளம்பாமல் நின்றார்.

"தீப்பொறி வருது" என்றார் பாய். "கார்புரேட்டர் காலி. தொட்டி ரொம்பிக் கீது, பெட்ரோல் ஏன் எறங்கல?"

தொட்டி மூடியைத் திருகினேன். 'உஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் மேல்தான் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது.

பாயும் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "நான் அதுல கை வெக்க மாட்டேன் நைனா. அவங்க கோயில் பொட்டு. நீதான் கேக்கணும்" என்றார்.

யாரும் பார்க்காதபோது துடைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முதலாளி இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லச் சொன்னேன்.

"என்னடா முணுமுணுக்கறே? ஒரக்கச் சொல்லு."

"நீங்க வெச்ச பொட்டுதான் மொதலாளி வண்டிய நிறுத்திச்சு!"

பதற்றத்தில் கத்திவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். துளையைக் காட்டினேன். காற்று, பெட்ரோல், சந்தனம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

முதலாளி குனிந்து பார்த்தார். பூணூலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அவரே துளையைக் குத்தினார். "ஈஸ்வரா, போயும் போயும் மூக்கையா அடைச்சேன்!" என்று அங்கவஸ்திர நுனியால் மூடியைத் துடைத்தார். "மீதிய ஹேண்டில்ல இட்டுக்கோ. சீக்கிரம் போ."

இரண்டாவது முறை கொடி இறங்கியதை மட்டும்தான் பார்த்தேன். பிறகு கூட்டம் இருந்ததா, சிரித்ததா, தெரியாது. பாதி தூரம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் விக்கவில்லை. மூன்றாம் கியரைத் தட்டினேன். வண்டி என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது போல முன்னால் பாய்ந்தது. சுண்ணாம்புக் கோடு சக்கரத்தடியில் போனதும், பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்து கடற்கரை மணலில் புதைந்துதான் நின்றேன்.

பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஏழு பேரில் எங்களுக்கு ஐந்தாவது இடம். இரண்டு ராணுவ வண்டிகள் எங்களுக்குப் பின்னால்.

முதலாளி நடந்தே வந்து சேர்ந்தார். மணலில் கிடந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு விடியக்காலம்பற வந்துடு. கொட்டாய்ல கரி மூட்டை நெறையக் கெடக்கு. எல்லாத்தையும் நீதான் வெளில தூக்கிப் போட்டுக்கணும்."

மறுநாள் நானும் பாயும் மத்தியானம் வரை மூட்டை தூக்கினோம். சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும் கறுப்பு தெரிந்தது. அந்த வாரமே தியாகராய நகரிலிருந்து ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் தயங்கி நின்றார். நானே எழுந்து போய், "வாங்க சார், வண்டி இன்னா பண்ணுது?" என்று கேட்டேன்.

இப்போது கொட்டகையில் ஐந்து வண்டிகள் நிற்கின்றன. இன்றைக்கு மட்டும் மூடிவிட்டு உட்கார்ந்து இதை எழுதினேன்.

1949, ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை.