நான் வெட்டி எறிந்த பதினான்கு விநாடி

எடிட்டிங்குக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். மலேசியாவில், மூவாரில் ஒரு சோபாக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, இருபது வருடமாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. கேட்டுவிட்டு அவரவர் இஷ்டத்துக்குத்தான் வாங்குவார்கள். கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, அப்பவும் ஸ்லோவாத்தாண்ணே ஓடுது" என்று மறுபடியும் என்னையே பிடிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். விளக்கை விடு, ராம் நிறையப் போடு. வேலை ஓட்டுவதற்கு வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று, சேர்த்து வைக்கச் சாதாரண ஹார்ட்டிஸ்க் இரண்டு. அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. கல்யாணம் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மெமரி கார்டை இரண்டு டிஸ்கிலும் காப்பி எடு. காப்பியைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு கார்டை அழி. பெரிய திரை வாங்க முடியாவிட்டால் போகட்டும், நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கு.

ஹெட்ஃபோன் என்றதும் சிரிப்பார்கள். "நம்ம வேலைக்கு எதுக்குண்ணே அது? பாட்டுதானே போடப் போறோம்!" அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவில் யாரும் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கோயிலோ சர்ச்சோ, பெண் அலங்காரத்தில் தொடங்கிக் கடைசிப் பந்தி வரைக்கும் பாட்டுதான். உதடு அசையும், சிரிப்பது தெரியும், என்ன பேசினார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். படத்தை டைம்லைனில் போட்டதும் நான் செய்கிற முதல் வேலை, கேமரா பிடித்த சத்தம் முழுவதையும் அழிப்பது. காற்றாடி இரைச்சல், பிள்ளைகள் அழுகை, தட்டுச் சத்தம், இதெல்லாம் யாருக்கு வேண்டும்? இன்னொரு விதியும் வைத்திருந்தேன். கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்களை இரக்கமில்லாமல் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கற்றுக்குட்டி எடுத்தது மாதிரி இருக்கும்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். ஜொகூர் பாருவில் குடியிருந்து, தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். மூவாருக்கு வரும்போதெல்லாம் அவள் கைப்பையில் எனக்கென்று ஒரு புது மெமரி கார்டு இருக்கும். "இந்தா, ஊரான் கல்யாணத்த எல்லாம் புடிக்கிறவனே" என்று என் நெற்றியில் ஒட்டுவது மாதிரி வைத்து அழுத்துவாள். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்கே மாதத்தில் எங்களை விட்டுப் போய்விட்டாள். அவள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஹாங் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில் வேலை தேடிக்கொண்டார். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. நெற்றியைச் சுருக்குவதில் அப்படியே அக்கா.

போன பள்ளி விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"மாமா, அம்மா பேசுனது எங்கயாச்சும் இருக்கா?"

"ஏம்மா?"

"மூஞ்சி ஞாபகம் இருக்கு, போட்டோ இருக்குல்ல. கொரலுதான் வர மாட்டுது. யோசிச்சு யோசிச்சுப் பாத்தா டீச்சர் கொரலு வருது."

அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆள் இல்லை. தன் குரல் தகரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டித்தான் அனுப்புவாள். அவள் போனில் இருந்ததை அத்தான் எப்போதோ அழித்து, அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனால் வீடியோக்காரன் நான் இருக்கிறேனே! எங்கள் தங்கச்சி கல்யாணத்தை நான்தானே எடுத்தேன்? "இருக்கும்மா, அடுத்த வாரம் கொண்டாறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டேன். பாட்டு. அது முடிந்தால் அடுத்த பாட்டு. அக்கா பதினோரு இடத்தில் வருகிறாள். ஓர் இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டுச் சிரிக்கிறாள். அதன்மேல் புல்லாங்குழல். நான்தான் தேடித் தேடிப் பொருத்திப் போட்டேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு ஞாபகம் வந்தது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சத்தத்தோடு இருந்த மூலப் படம்? அதை மறு வாரமே அழித்திருந்தேன். வாடிக்கையாளர் படம் என்றால் ஒரு வருடம் வைத்திருப்பேன், யாராவது வந்து கேட்பார்கள். டிஸ்கில் இடம் போதாமல் போனால் முதலில் போவது சொந்த வீட்டுப் படம்தான். நம் ஆட்கள்தானே, யார் சண்டைக்கு வரப் போகிறார்கள்?

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. பிள்ளையிடமிருந்து, "மாமா, கெடச்சுதா?" என்று ஒரு மெசேஜ். பதில் போட எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய் இல்லை என்று சொல்லிவிடுவதென்று ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். கிளம்புகிற அவசரத்தில் லேப்டாப் பையைத் துழாவியபோதுதான், அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த பழைய லேப்டாப்பின் நினைப்பு வந்தது. பெரிய படத்தை ஓட்ட அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் சின்னதாக, மங்கலாக ஒரு நகல் செய்துகொண்டு, அதை வைத்து வெட்டுவேன். ப்ராக்ஸி என்போம். வேலை முடிந்ததும் மூலப் படத்தைத்தான் அழிப்போம், இந்த நகல்கள் டிஸ்க்கிலேயே கிடக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

பழைய டிஸ்க்குகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. தங்கச்சி கல்யாணம் என்று டேப் ஒட்டிய டிஸ்க்கும் இருந்தது. அதற்கு அகலமான வாய் வைத்த ஒரு கேபிள் வேண்டும், அது மட்டும் இல்லை. மூவாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கையை விரித்தார்கள். டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன்.

வழியில் ஆயர் ஈத்தாமில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். பானைக் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னப் போன் கடை. சீனர் ஒருவர் இருந்தார். டிஸ்க்கைக் காட்டினேன். "அலமாக்! இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று மலாயில் கேட்டுவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஒரு டப்பாவைக் கவிழ்த்து அந்தக் கேபிளை எடுத்துத் தந்தார்.

காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துச் சொருகினேன். டிஸ்க் கடகடவென்று முனகிச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே நகல்கள் வரிசையாக இருந்தன. சத்தம் இருக்குமா? நகல் செய்யும்போது சத்தத்தை விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. எப்போது ஆரம்பித்த பழக்கம் என்றுதான் தெரியவில்லை. ஒன்றைத் திறந்தேன். கூடத்து இரைச்சல், பிளாஸ்டிக் நாற்காலி இழுக்கிற சத்தம். பிறகு, "டேய்" என்று அக்கா குரல்.

அதோடு நிறுத்திவிட்டேன். பிள்ளைக்கு முன்னால் நான் கேட்கக் கூடாது என்று தோன்றியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். காஹாங் வரைக்கும் ரேடியோ போடவில்லை. அந்த ஒரு "டேய்" போதுமாக இருந்தது.

அத்தான் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை கதவைத் திறந்தவுடன், கிடைத்துவிட்டது என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். படம் மங்கல்தான், முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. மேடையில் எங்கள் குடும்பம் மொத்தமும் போட்டோவுக்கு நிற்கிறது. இடுப்பில் நாலு வயது மகளோடு அக்கா அதிலிருந்து பிரிந்து நேராகக் கேமராவை நோக்கி வருகிறாள். நான் வெட்டி எறிந்த பதினான்கு விநாடி.

"டேய், போதும்டா. அத வச்சிட்டு வந்து நில்லு. எல்லாரும் நிக்கிறோம், நீ மட்டும் இல்ல. நாளைக்கு இந்தப் புள்ள மாமா எங்கன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

"ஒரு நிமிஷம்க்கா." இது கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்.

"ஒன் ஒரு நிமிஷம்தான் எனக்குத் தெரியுமே!" அக்கா சிரிக்கிறாள். தகரம் மாதிரியெல்லாம் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். சிரிப்பு முடிவதற்குள் நான் பட்டனை அழுத்தியிருக்கிறேன், படம் நின்றுவிடுகிறது.

பிள்ளை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பறம் போய் நின்னீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "போகல."

அவள் என் பையிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள். எத்தனை தடவை ஓட்டினாள் என்று எண்ணவில்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நான் "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்கிற இடம், திரையில் அக்காவின் உதடு நிற்பதை வைத்து எனக்குத் தெரிந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.