தேயிலைப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர்

நாலு பேர் கூடினால் சுவரோரமாகப் போய் நிற்கிறவள் நான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று எழுதுகிறவர்கள் நிறையப் படித்தவர்கள், நிறையக் கேட்டவர்கள். அவர்கள் நடுவில் நானும் வந்து உட்கார்ந்ததற்குப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது ஒரே ஒரு செட்டுதான். அதையும் இரண்டு தடவை செய்தேன், முதல் தடவை தப்பாக. தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் குன்னூரில் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் செம்புக்கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். மலையில் சாயந்திரமானால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதால் அந்தக் காலத்தில் ஸ்டெபிலைசருக்கு நல்ல கிராக்கி. அங்கேதான் சால்ட்ரிங் வைக்கவும் மீட்டர் பார்க்கவும் பழகினேன். கல்யாணமாகிக் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டின எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்த பிறகு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற சலிப்பு அறை வேலை. சால்ட்ரிங் கம்பி மட்டும் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்தது.

என் வீட்டுக்காரருக்கு அதே ஃபேக்டரியில் ரோலர் மிஷின். இலையை நசுக்கி வெட்டுகிற மிஷின் அது. அந்த அறைக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ வந்துவிட்டது. வெட்டு நன்றாக, பொடியாக வந்தால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டுவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த அறையில் கிடையாது.

வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தில் நின்றதில் அவருக்குக் காது மெல்லப் போனது. ஒரேயடியாகப் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. குருவி, கொலுசு, குக்கர் விசில். கனமான சத்தம் கேட்கும். லாரி வந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பேச்சும் கேட்கும், ஆனால் வார்த்தையின் வால் கேட்காது. நம் பேச்சில் ஆமாம், இல்லை எல்லாம் வாலில்தானே இருக்கிறது. வரும், வராது. இருக்குங்க, இருக்காதுங்க. முன்பாதி ஒன்றுதான்.

தேயிலைக்கு விலை விழுந்த வருஷங்கள் அவை. பறிப்பதற்குக் கொடுக்கிற கூலிகூடத் திரும்பி வராது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளை மறைக்கிற மரமாகிப் பூப்பூத்து நின்றது. ஃபேக்டரிக்கு இலை வரத்துக் குறைந்ததால் தினமும் ஓடாது. மறுநாள் ஓடுமா ஓடாதா என்று சூப்பர்வைசர் முந்தின சாயந்திரம் லைன் பக்கம் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருதரம் நான் காந்தலில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கு ஓடாது" என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு "நாளைக்கு ஓட" வரைதான் கேட்டிருக்கிறது. காலையில் காக்கிக் கோட்டு, தூக்குப்போசியோடு போய்ப் பூட்டின கேட்டு முன்னால் பனியில் நின்றிருக்கிறார். அந்த வழியாகப் போன இரண்டு பேர், "ஏனுங்ண்ணா, கேட்டுக்குக் காவலுங்களா?" என்று கேட்டார்களாம். அது மட்டும் அவருக்கு முழுசாகக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. கேட்டால் பதிலைக் காதில் வாங்க வேண்டுமே. என்னிடம்கூடக் கேட்கவில்லை. ஃபேக்டரி உண்டென்றால் நான் முந்தின சாயந்திரமே அவருடைய கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவேன். கோட்டு இருந்தால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. அதற்குப் பேச்சே வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் மற்றதற்கும் பேச்சு வேண்டியதில்லாமல் போனது. மிஷின் அறைக்குள் போனால் அவர் சாதாரண ஆள். அங்கே எல்லோருமே செவிடு. வீட்டுக்கு வந்தால்தான் அவர் மட்டும்.

ரேடியோவையும் விட்டுவிட்டார். அவருக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் லைன் முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர், பேசுவதற்கு அஞ்சாதவர். "இந்தா தங்கச்சி, ஒங்க ரேடியோவுக்கு இனி எங்க வீட்டுலதான் சோறு போடணும். பாதி நேரம் இங்கதான இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் ரேடியோவை நிறுத்தி அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். துண்டு அப்படியே கிடந்தது.

அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குச் சால்ட்ரிங் கம்பி ஞாபகம் வந்தது. நல்ல செட்டு இருந்தால் அவர் மறுபடி கேட்பார், கேட்டால் பேசுவார் என்று நினைத்தேன். ஃபேக்டரி ஓடாத நாட்களில் பொழுதும் கிடைத்தது.

குன்னூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர் கோயமுத்தூர்க்காரர். நான் போர்டு, கண்டென்சர் என்று சொன்னதும், "மெக்கானிக் சொல்லி உட்டாருங்களா?" என்றார். நான் வாயைத் திறந்து "இல்லீங்க, எனக்குத்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் "ஆமாங்க" என்றேன். அன்றிலிருந்து இல்லாத ஒரு மெக்கானிக்கோடு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. "மெக்கானிக்கு இந்த வூஃபரக் காட்டுங்கக்கா. நெஞ்சு குலுங்குமுங்க" என்று பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் காந்தம் கையை இழுத்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. கம்பெனியில் பழகினதற்கு ட்ரான்ஸ்பார்மரை நானே சுற்றினேன், வோல்டேஜ் குறைந்தாலும் தாங்குகிற மாதிரி.

பெட்டிக்கு மரம் தேட வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் தேயிலையைப் பிளைவுட் பெட்டியில்தான் அனுப்புவார்கள். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, ஓரமெல்லாம் தகரம் அடித்திருக்கும். காகிதப் பை வந்த பிறகு பழைய பெட்டிகள் குடோனில் சும்மா கிடந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு இரண்டு வாங்கினேன். ஸ்பீக்கர் பெட்டிக்குள் பஞ்சு அடைக்க வேண்டும் என்று கம்பெனியில் யாரோ சொன்னதும் ஞாபகம் இருந்தது. இங்கேதான் தேயிலைக்காரி புத்தி வேலை செய்தது. சலிப்பு அறையில் தூள் சலிக்கும்போது பழுப்பாக, மெத்தென்று ஒரு பஞ்சு பறந்து மூலையில் சேரும். யாருக்கும் ஆகாத கழிவு அது. பஞ்சு என்றால் அதுவும் பஞ்சுதானே என்று சாக்கில் வாங்கிவந்து பெட்டி நிறைய அடைத்தேன்.

இரவல் வாங்கின டேப்ரிக்கார்டரை இணைத்து முதல் முதலாகப் பாட்டுப் போட்ட சாயந்திரம் அவரை எதிரில் உட்கார வைத்தேன். வூஃபர் ஒரு அடி அடித்தது. பெட்டியின் முன்பக்கம் காற்றுக்காக வைத்த ஓட்டையிலிருந்து புகை மாதிரி தேயிலைப் பஞ்சு கிளம்பி அவர் மூஞ்சியில் விழுந்தது. அவர் தும்மினார். பாட்டு அடிக்க அடிக்கப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின.

அவர் எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். மிஷின் மேல் வைக்கிற மாதிரிதான் வைத்தார். "இங்க ஆடுது. பேரிங் தேஞ்சா ரோலர் இப்பிடித்தான் ஆடும்" என்றார். தேயிலைப் பெட்டிப் பலகை அவ்வளவு மெல்லிசு.

"சத்தம் எப்பிடிங்க இருக்குது?" என்று அவர் காதோரம் போய்க் கேட்டேன்.

"நல்லாத்தான் புள்ள இருக்குது." கொஞ்சம் பொறுத்து, "என்ன பாடறாங்க?" என்றார்.

எனக்கு மனசு விட்டுப்போனது. அந்த நேரம் கதவு தட்டுகிற சத்தம். அக்கா.

"தங்கச்சி, எங்கட சட்டியெல்லாம் தானா ஆடுது. நீ என்ன, ரோலரை வீட்டுக்கே கொண்டாந்திட்டியா?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

"மன்னிக்கிறது கெடக்கட்டும். நீயே வந்து கேட்டுப் பாரு."

வெட்கத்தோடு பின்னால் போனேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் அடுப்படியில் நின்று கேட்டேன். தும், தும், தும். பாட்டு இல்லை, பாடுகிறவள் இல்லை, வெறும் தும்மென்ற அடி. பாஸ் என்கிற கனமான சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. வார்த்தையெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அப்படியே நின்றேன். அவருக்கு உலகம் இப்படித்தான் கேட்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக அவர் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நான் போய் அவருக்கு ஏற்கெனவே கேட்கிறதையே பத்து மடங்காக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"என்னடி சிலை மாதிரி நிக்கிற? டீ ஊத்தட்டா?" என்றார் அக்கா.

இரண்டாவது தடவைக்கு எனக்கு வேண்டியது தலைகீழ். கனமான சத்தம் வேண்டாம், அது அவரிடம் இருக்கிறது, சுவரையும் தாண்டுகிறது. மெல்லிய சத்தம் வேண்டும், அது அவரிடம் இல்லை, சுவரையும் தாண்டாது. இரண்டு வீட்டுப் பிரச்சினைக்கும் மருந்து ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் கெட்டது.

வூஃபரைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். கடைக்காரர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, மெக்கானிக்குப் புடிக்கலீங்களா?"

"பாஸ் வேண்டாமுங்களாம். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணும், மெல்லிசு சத்தத்துக்கு நல்ல ட்வீட்டரும் போதுமுங்களாம். ஸ்பீக்கருக்குப் போற கண்டென்சரும் சின்னதா வேணுமுங்க."

"சின்னது போட்டா பாஸே வராதுங்களே."

"வரக் கூடாதுங்களாம்."

அவருக்கு மனசு ஆறவில்லை. "மெக்கானிக்கு எதோ கொழப்பமுங்க. பாஸ் இல்லாத செட்ட யாருங்க கேப்பாங்க?"

"கேக்கறதுக்கு ஒருத்தர் இருக்காருங்க" என்றேன். நான் வெளியாளிடம் அவ்வளவு துணிச்சலாகப் பேசினதே அப்போதுதான்.

பெரிய பெட்டியை உடைத்து, பலகையை இரட்டையாக ஒட்டி, சோற்றுப் பானை அளவில் ஒரு சின்னப் பெட்டி செய்தேன். ஒட்டின பலகையை அவர் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகே ஆணி அடித்தேன். தேயிலைப் பஞ்சு ஈரம் குடித்துக் கட்டியாகிப் பூசணம் பிடித்திருந்தது. அதைச் செடிக்குக் கொட்டிவிட்டு, முழங்கை போன பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து அடைத்தேன். பெட்டியைச் சுவரில் சாய்க்கவில்லை. தேய்ந்த செருப்பை வெட்டி அடியில் கால் வைத்து, அவர் நாற்காலி பக்கத்தில், காது உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைத்தேன். மெல்லிய சத்தத்துக்கான டிரபிள் திருகைக் கூட்டிவிட்டால் எனக்குத் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. எனக்கா செய்தேன்?

அன்று சாயந்திரம் ரேடியோ மேலிருந்த துண்டை எடுத்து, ரேடியோவைப் புதுப் பெட்டியோடு இணைத்தேன். அவர் பார்த்தார். செய்தி நேரம். ஒரு அம்மா வாசிக்க ஆரம்பித்ததும் நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதாக்கா?"

"என்னது?"

"ரேடியோ."

அக்கா முறத்தை நிறுத்திக் காது கொடுத்தார். "ரேடியோவா? போட்டிருக்கீங்களா? ஒங்க வீட்டுல கரண்ட் போயிருச்சின்னுல்ல நெனைச்சேன்."

திரும்பி வந்து வாசலிலேயே நின்றேன். அவர் தலையைப் பெட்டிப் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். செய்தி முடிகிற நேரம். மலைப் பகுதிக்கு வானிலை சொன்னார்கள்.

"நாளைக்கு மழை இருக்காதாமா" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

இருக்காது. வாலோடு.

அவர் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், நான் பேசவே இல்லை என்றாலும். பிறகு, "இந்தம்மா ஒவ்வொண்ணும் படிச்சு முடிச்சுட்டு மூச்சு வாங்குது, கேட்டயா புள்ள?" என்றார்.

நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் செய்தி கேட்டு அந்த அம்மாவின் மூச்சை நான் கவனித்ததே இல்லை. இப்போது கேட்டேன். இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். எனக்குப் பதில் ஜாடை தெரியவில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

டீ போட்டு எடுத்து வரும்போது ஆணியில் தொங்கின காக்கிக் கோட்டை எடுத்து நாற்காலியில் போடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் கேட்டார்.

"ஏம் புள்ள, நாளைக்கு ஃபேக்டரி ஓடுமா, ஓடாதா?"

கோட்டை ஆணியிலேயே விட்டேன். அவர் முகத்துக்கு நேராக நின்று "ஓடுமுங்க" என்றேன், வழக்கமாகப் பேசுகிற குரலில்தான்.

"ஓடுமா?"

"ஓடுமுங்க."

"செரி" என்று டீயை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ரேடியோ சொன்னது பொய்த்துக் காலையிலிருந்தே மழை. ஃபேக்டரி ஓடியது. இரண்டு பேரும் ஒரே குடையில் வேலைக்குப் போனோம்.