தேவா எழுதிய நான்கு பக்கங்கள்

தேவராஜ் போய்விட்டான் என்ற செய்தி நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. திருநின்றவூரில் என் வீட்டு மேசையில், பாதி எழுதிய புரொபோசலைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் படித்தேன். திரையில் ஆறு முதல் ஒன்பதாம் பக்கம் வரை, எழுதியவர் என்று அவன் பெயர் இருந்தது. நம்பாமல் அவன் எண்ணுக்கே போன் செய்தேன். என்ன புத்தியோ.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முன்பு அவனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவனுடைய வாசிப்பு மறந்திருக்காது. தொழிற்சாலைகளுக்குக் கன்வேயர் பெல்ட் அமைத்துத் தர நாம் அனுப்பும் ஒவ்வொரு புரொபோசலையும், அனுப்புமுன் பிரிண்ட் எடுத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் வாசிக்க வேண்டும். "எழுதுனவன் வாயத் தொறக்கக்கூடாது. கஸ்டமர் படிக்கசொல்ல நீ பக்கத்துல குந்திகினு வெளக்கம் சொல்லப் போறியா?" என்பான். மண்ணூர்பேட்டைக்காரன். சிரித்துக்கொண்டேதான் குத்திக்காட்டுவான்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபின் அந்த வழக்கத்தை முதலில் எதிர்த்தவன் நான். நான்கு பேர் நான்கு வீடுகளில் இருந்து ஒரே ஃபைலில் எழுதினோம். வேகமாகத்தான் நடந்தது. ஒருமுறை ஆறு வாரத்தில் முடித்துத் தருவோம் என்று நான் எழுத, வேறொரு பக்கத்தில் கவிதா பத்து வாரம் என்று எழுதியிருந்தாள். இரண்டும் அப்படியே போய்ச் சேர்ந்தன. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. தேவா திட்டவில்லை. "ஒரே டேபிள்ள இருந்தா அங்கியே கவிதா கேட்டுருப்பா மாமே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ரயிலேறி வர மனமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் குழுவில் அவன் குரல் வந்தது. "செவ்வாக்கெயம எல்லாரும் ஆபீஸ் வாங்க. வாசிப்பு கீது. கொஞ்சம் பேசணும்." நான்தான் முந்திக்கொண்டு பதில் போட்டேன்: "எதுக்குடா அலைச்சல், ஸ்கிரீன்லயே பாத்துக்கலாம்." மற்றவர்களும் கட்டைவிரல் படம் போட்டார்கள். "சரி மாமே, ஊட்லயே இரு" என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கிரீனில் வாசித்தபோது அவன் கேமராவைத் திறக்கவில்லை. நெட் சரியில்லை என்றான். நடுவில், "தொண்ட கட்டிகினுகீது, ரொம்ப நேரம் முடியாது, சீக்கிரம் படி" என்றான். நானும் மடமடவென்று படித்து முடித்தேன். எல்லோருக்கும் நேரம் மிச்சமானது.

துக்கத்துக்குப் போனபோது அவன் மனைவி செல்வி சொன்னாள். "ரத்தத்துல கேன்சர்ண்ணா. அன்னிக்கு உங்ககிட்டலாம் சொல்லணும்னுதான் கூப்ட்டாரு. போன்ல சொல்ற விசயமா இது, மூஞ்சப் பாத்து சொல்லிக்கிறேன்னாரு. மொத நாளே சட்டய அயர்ன் பண்ணி வச்சிருந்தாரு."

 

இப்போது செவ்வாய்க்கிழமை ஆனால் எல்லோரும் வருகிறோம். முதல் ஆளாக நான் வருகிறேன். கன்வேயர் பராமரிப்பு பற்றி அவன் எழுதிவைத்த அந்த நான்கு பக்கங்கள் ஒவ்வொரு புரொபோசலிலும் போகின்றன. அவன் விட்டுப்போனதில் எனக்கென்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது அவற்றை வாசிக்கும் வேலை ஒன்றுதான். மேசையைச் சுற்றி எல்லோரும் கேட்க, நிறுத்தி நிதானமாக வாசிக்கிறேன். எழுதினவன் வாயைத் திறப்பதில்லை.