அப்பா கட்டிய பரிவட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் தம்பியின் கலியாணத்துக்கு வந்திருந்தவர்கள். மிச்சப் பேர் அந்த வீடியோக் கசெட்டைப் பார்த்தவர்கள். ஆகவே நான் எதை எழுதப் போகிறேன், எதை விழுங்கப் போகிறேன் என்று முதல் வரியிலேயே தேடத் தொடங்கியிருப்பீர்கள். அப்பா கண்மூடி ஒரு வருடம் நிறைகிற இந்த நாளில் "பண்பின் உறைவிடம், பணிவின் சிகரம்" என்று நான் எழுதினால், நீங்கள் மலரை மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எழுதிவிடுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தார். கூடப் பிறந்தவர் ஒரே தங்கை, எங்கள் மாமி. தகப்பனார் இளவயதிலேயே காலமாகிவிட, இருவரையும் வளர்த்தெடுத்தவர் தாயின் அண்ணன். அவர்தான் ஊர்க் கோயிலின் வண்ணக்கர். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வண்ணக்கர் என்றால் கோயிலைப் பொறுப்பாக நடத்துபவர். திருவிழாவில் குருக்கள் அவருடைய குடியின், அதாவது குலத்தின், பெயரைக் கூவி அழைத்து, அவருடைய தலையில்தான் முதலில் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டுவார். அது பரம்பரைப் பதவி. ஆனால் எங்கள் பகுதியில் குடி தாய் வழியால் வருவது. ஆகவே அந்தப் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். அப்பாவுக்கு அது அப்படித்தான் வரவிருந்தது. அப்பாவுக்குப் பிறகு மாமியின் மகனான எங்கள் மச்சானுக்குப் போகவிருந்தது. எனக்கும் தம்பிக்கும் அதில் ஒரு நூலிழை உரிமையும் கிடையாது. நாங்கள் அம்மாவின் குடி.

அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். நல்ல ஆங்கிலம் பேசுவார். எண்பதுகளில் ஊரில் இருக்க முடியாத நிலை வந்தபோது தனியாகப் புறப்பட்டு சுவிஸ் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் இருந்து, பிறகு ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அப்வாஷ் வேலை, அதாவது கோப்பை கழுவும் வேலை. அந்த ஈரத்தில் அவருடைய விரல்கள் வெடித்து ஆறவே இல்லை. நாங்கள் வந்து சோலோதுர்னில் குடியேறும்வரை அவர் தனக்கென்று ஒரு நல்ல சப்பாத்துக்கூட வாங்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

ஊரிலிருந்து, அப்பாவை வளர்த்த அந்தப் பெரிய மாமா இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோதும் அப்பா கோப்பை கழுவிக்கொண்டுதான் இருந்தாராம். "இனி வண்ணக்கர் நீதான்" என்று சொன்னார்களாம். அப்போது ஊரே இடம்பெயர்ந்திருந்தது. கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. பதவி இருந்தது, கோயிலும் இல்லை, ஊரும் இல்லை.

ஆங்கிலம் தெரிந்ததால் அவரைப் பிறகு ஹோட்டல் வாசலுக்கு மாற்றினார்கள். அங்கேதான் அந்த ஆங்கிலேயப் பிரபுவைச் சந்தித்தார். ஒவ்வொரு கோடையும் மனைவியோடும் மகள்மாரோடும் வந்து தங்கும் கிழவர். வெல்டன்மோர் பிரபு என்று பெயர். அவருடைய பெட்டியைத் தூக்கியவர் அப்பா. பெட்டியோடு அவருடைய பரம்பரைக் கதையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை ஓடாத நாள் குறைவு. பிரபுவின் மூதாதை ஒருவர் போருக்குக் குதிரைகள் கொடுத்து அரசனிடம் பாரன் பட்டம் வாங்கினார். அவருடைய பேரன் அதைவிட உயர்ந்த ஏர்ல் பட்டத்தை வாங்கினார். ஆனால் அந்த ஏர்ல் பட்டம் வாங்கியவருடைய ஆண்பிள்ளைகளின் வழியால் மட்டுமே போகலாம் என்பது அரச கட்டளை. இரண்டு தலைமுறையில் ஆண் வழி அறுந்தது. பட்டமும் அதோடு செத்தது. முதலில் வாங்கிய பாரன் பட்டம் மட்டும் ஏர்லின் தம்பி வழிக்குத் திரும்பி, அங்கிருந்து தகப்பன், மகன், பேரன் என்று இறங்கி இந்தக் கிழவரிடம் வந்து நின்றது. இடையில் ஒரு மூத்த மகன் தாய் தகப்பனின் கலியாணத்துக்கு முன்பே பிறந்துவிட்டானாம். அவனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா உச்சுக்கொட்டுவார்.

"தகப்பன்ட பேர் மகனுக்கு. பாத்தீங்களோ, எவ்வளவு சுத்தமான முறை!" என்பார்.

"சோறு ஆறுது" என்பார் அம்மா.

அம்மா இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அந்தச் சுத்தமான முறையால்தான் ஏர்ல் பட்டமே அழிந்துபோனது என்பது எங்கள் மேசையிலேயே தெரிந்த விஷயம். ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தில் அந்தக் கதை ஓடும்போது இருந்த வெளிச்சம் வேறு எதற்கும் வருவதில்லை.

தம்பிக்குக் கலியாணம் ஒழுங்கானது. அழைப்பிதழை அப்பாவே எழுதி, அப்பாவே ஆரா நகரில் அச்சடித்து எடுத்து வந்தார். மணமகனின் பெயருக்குக் கீழே "வண்ணக்கர் பரம்பரை வாரிசு" என்று பொன்னிறத்தில் கிடந்தது. அம்மா அதைக் கண்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆரைக் கேட்டு இதைப் போட்டனீங்க? உங்கட தங்கச்சி பாத்தா என்ன நினைப்பா?"

"இந்த நாட்டில என்ட பிள்ளைக்குக் குடுக்க என்னட்ட வேற என்ன கிடக்கு?" என்றார் அப்பா.

அது உண்மை. காணியும் இல்லை, வீடும் இல்லை. இருந்தது ஒரு பெயர். அதுவும் அவர் மகனுக்குக் கொடுக்க முடியாத பெயர். அவருடைய ஆசை எனக்கு இன்றைக்கும் விளங்குகிறது. அதற்காக அவர் செய்ததைச் சரி என்று சொல்லமாட்டேன்.

கலியாணம் கெமைண்டசாலில் நடந்தது. ஊர்ப் பொது மண்டபம், எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களைப் போலவே சுவிஸ் வந்து ஆராவில் குடியிருந்த மாமி பட்டுச் சேலையோடு, மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அழைப்பிதழை வாசித்தபிறகும் வந்திருந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தாலி கட்டுமுன் அப்பா மைக்கை வாங்கினார். குதிரை கொடுத்தவரில் தொடங்கினார். பாரன், ஏர்ல், தம்பி வழி, தகப்பன், மகன், பேரன். நல்ல நேரம் போகிறது என்று ஐயர் கையைக் காட்டினார். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா நிறுத்தவில்லை. கடைசியில் தம்பியின் மாப்பிள்ளைத் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து சிவப்புப் பட்டு ஒன்றை எடுத்து அவன் தலையில் பரிவட்டம் கட்டினார். தம்பி நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

மாமி எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"அண்ணை, இவன் ஆர்ர வயித்தில பிறந்தவன்?"

அப்பா பட்டின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"சொல்லு. மச்சாள்ட வயித்தில பிறந்தவன். நல்ல பிள்ளை, நானும் தூக்கி வளத்த பிள்ளை. ஆனா நம்மட அம்மாட குடிக்கு இவன் என்ன முறை? வெள்ளைக்காரன்ட பெட்டி தூக்கினா அவன்ட முறையையும் தூக்க வேணுமோ?"

"தங்கச்சி, சபையில..."

"சபையிலதானே நீ கட்டினாய்!"

மச்சான் மாமியின் கையைப் பிடித்து, "வாங்கம்மா, போவம்" என்றார். இருவரும் சாப்பிடாமல் போனார்கள். கலியாண வீட்டில் கை நனைக்காமல் கூடப் பிறந்தவள் போவதென்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிரில், பட்டுச் சேலைக்கு மேல் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு மாமி பஸ் தரிப்பிடத்தில் நின்றதை நான் ஜன்னலால் கண்டேன். பின்னால் ஓடிப்போய் நான் மறிக்கவில்லை. மண்டபத்தில் எல்லோருடைய கண்ணும் எங்கள் மேல்தான் இருந்தது.

வீடியோக்காரர் தொழிலில் சுத்தம். ஒன்றையும் வெட்டவில்லை. கசெட் லண்டன் போனது, கனடா போனது. தலைப்பாகை கழற்றும் இடத்தைச் சிலர் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தார்களாம். இங்குள்ள பொடியன்கள் அப்பாவுக்கு "லோர்ட் மாமா" என்று பெயர் வைத்தார்கள். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனால், முன்வரிசை தேடுகிற மனிதர் சப்பாத்து கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவார். நான் கூடப் போகிற நாட்களில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் எனக்கும் முகம் சுடும். பூட்டிய கோயில் ஒன்றின் பதவிக்காக, அந்நிய நாட்டு வாடகை மண்டபத்தில் அண்ணனும் தங்கையும் பிரிந்த குடும்பம் நாங்கள்.

அடுத்த கோடைக்குப் பிரபு வரவில்லை. இறந்துவிட்டார் என்று ஹோட்டலில் சொன்னார்கள். மகள்மார் மட்டுமே இருந்ததால் பாரன் பட்டமும் அவரோடு முடிந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை நின்றது. நாங்கள் விரும்பிய அமைதிதான். வந்தபோது ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அப்பாவுக்கு வயிற்றில் நோய் கண்டது. வைத்தியர்கள் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "மருமகன் எப்பிடி இருக்கிறாராம்?" என்று மச்சானைப் பற்றிச் சுவரைப் பார்த்துக் கேட்டார். மாமிக்குத் தொலைபேசி எடுக்க அவருக்குத் துணிவில்லை. தம்பி காரை எடுத்துக்கொண்டு ஆராவுக்குப் போனான். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரும்போது அந்தச் சிவப்புப் பட்டும் அவன் கையில் இருந்தது. கலியாணத்திலிருந்து அதை அவன்தான் அலுமாரிக்குள் வைத்திருந்தான். மச்சான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருந்தார். மாமி கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

அப்பா மச்சானின் கையைப் பிடித்தார்.

"மருமகன், அந்தப் பிரபு கடைசியா என்ன சொன்னவர் தெரியுமோ? அவருக்குத் தங்கச்சியின்ட பொடியன்கள் ரெண்டு பேர் இருந்தவங்க. நல்ல பொடியன்கள். நான் நம்மட முறையைச் சொன்னன். கேட்டுட்டு, 'நான் உங்கட ஊரில பிறந்திருந்தா என்ட பேர் தப்பியிருக்கும்' எண்டார்."

"எப்ப மாமா சொன்னவர்?"

அப்பா கால்மாட்டில் நின்ற மாமியைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு முந்தின கோடையில. கேட்டுட்டு வந்துதான் நான் அந்த அழைப்பிதழை அச்சடிச்சன். தெரிஞ்சுகொண்டு செஞ்சன், தங்கச்சி. தெரியாமச் செய்யேல்ல."

அப்பா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"இதை அண்டைக்கு மைக்கில சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிட்டுப் போயிருப்பன்."

தம்பி பட்டை அப்பாவிடம் நீட்டினான். மச்சான் கட்டிலருகே முழந்தாளிட்டுத் தலையைக் குனிந்தார். அப்பாவின் கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றினார், முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினார். கடைசியில் மாமி வந்து அண்ணனின் விரல்களுக்கு மேல் தன் விரல்களை வைத்து முடிச்சைப் போட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தாதி, சிவப்புப் பட்டும் அழுகையுமாக எங்களைக் கண்டுவிட்டு, யாருக்காவது பிறந்தநாளா என்று கேட்டாள். மச்சான் ஆம் என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். அவள் வாழ்த்திவிட்டுப் போனாள். அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அப்பாவின் நோயின்போது இரவு பகல் பாராமல் கவனித்த தாதிமாருக்கும், சோறு கறி சமைத்துக் கொண்டுவந்த சோலோதுர்ன் அயலவருக்கும், வாசலில் அவர் நின்ற இடத்தில் பூ வைத்த ஹோட்டல் தோழர்களுக்கும், தூர நாடுகளிலிருந்து தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுத உறவுகளுக்கும் எங்கள் நன்றி. கசெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர்களுக்கும் நன்றி. மச்சானுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார். ஆகவே சொல்லவில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் வம்சாவழி இருக்கிறது. வெட்கத்தில் என் பெயரையும் தம்பியின் பெயரையும் அதில் போடாமல்தான் எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கட பேர் எங்க?" என்றார்.

"நாங்க அந்தக் குடி இல்லையே மாமி."

"அதுக்கு? என்ட மகன்ட பேரில வாரிசு எண்டு போடு. உங்கட பேரில பிள்ளையள் எண்டு போடு. அந்தப் பிரபுவுக்குப் பிள்ளையள் மட்டும்தானே இருந்தவங்க. என்ட அண்ணைக்கு ரெண்டும் இருந்தது."

அப்படியே போட்டிருக்கிறோம்.