லுடோவிக் பெல்லமார் சொல்லித் தராத லத்தீன்

"கேமை விளையாடிப் பாத்த அறுபது பேர்ல நாப்பத்தோரு பேர் சிரிச்சிருக்காங்க, லுடோ" என்றுதான் பத்ரிஸ் ஆரம்பித்தார்.

லுடோவிக் பெல்லமார் அப்போதுதான் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்திருந்தார். கம்பளித் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. ரோமைப் பற்றிய அந்த வீடியோ கேமில் வரும் லத்தீன் முழுவதுக்கும் உச்சரிப்பு சொல்லித் தந்தவர் அவர். பத்ரிஸ் கேமின் இயக்குநர். மேசை ஓரத்தில், வசனப் பதிவுகளைத் தொகுக்கும் மிரேய் இருவரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"மதில் மேல ஊர்த்தலைவன் சாகற கட்டம். விளையாடறவன் அழணும். அவன் என்னடான்னா வாயைக் குவிச்சுக்கிட்டு 'உவிங்கிதே, கீவெஸ்'ங்கறான். கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. ஒரு பொண்ணு எழுதியே கொடுத்திருக்கு, பெரியவருக்குப் பல்செட் கழண்டுடுச்சான்னு."

"'ஜெயிங்க, ஊர்க்காரங்களே'ன்னு அர்த்தம். ரோம்ல அப்படித்தான் சொன்னாங்க."

"சினிமாவுல அப்படிச் சொல்றதில்லையே. சர்ச்சுல பாடறவங்க அப்படிப் பாடறதில்லையே. 'வின்ச்சிதே, ச்சீவெஸ்.' பாரு, இதைக் கேட்டா லத்தீன் மாதிரி இருக்கு."

"சர்ச்சு உச்சரிப்பு பல நூறு வருஷம் கழிச்சு வந்தது, பத்ரிஸ்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ கூட இருந்து கேட்டியா?"

"கிரேக்கர்கள் ரோமானியங்க பேரையெல்லாம் 'க' போட்டுத்தான் எழுதினாங்க. ரோமானியங்களே சுவத்துல தப்பும் தவறுமா எழுதி வெச்சிருக்காங்க, அதுலேர்ந்தும் தெரியும்."

"சுவத்துல கிறுக்கினவனையா சாட்சிக்குக் கூட்டிட்டு வர்ற?"

லுடோவிக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "செருப்பு வாருக்கு மூணு மாசம் செலவழிச்சீங்க. எத்தனை முடிச்சு, எந்தத் தோலுன்னு பாக்க மியூசியத்துக்கே ஆள் அனுப்பினீங்க. வாய்க்கு மட்டும் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா?"

"செருப்பைப் பாத்து யாரும் சிரிக்கலையே, லுடோ."

பத்ரிஸ் நாற்காலியைத் திருப்பினார். "மிரேய், நீயும் ஸ்கூல்ல லத்தீன் படிச்சவதானே? நீ சொல்லு. எது சரி?"

மிரேய்க்குப் பதில் தெரியும். பதினோரு மாதம் லுடோவிக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பதில். ஆனால் அவள் வீட்டில் பிரெஞ்சும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவள். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசும் இடத்தில் நடுவில் நின்று தப்பித்துப் பழகியவள்.

"ரெண்டு விதமாவும் சொல்லலாம்" என்றாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் பத்ரிஸ். லுடோவிக் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவியை ஆசிரியர் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவருக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. ஷாவினிகன் என்ற ஊரில் காகித ஆலைத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் வேறு பாடத்துக்கு இடம் கிடைக்காமல் லத்தீனுக்கு வந்தவர், பிறகு வேறு எதற்கும் போகவில்லை. மொன்றியாலில் ஒரு கல்லூரியில் பதினாறு வருடம் ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மறுபடி விண்ணப்பம் போட்டு மறுபடி அதே வகுப்புக்குப் போவார். வியாழக்கிழமைகளில் ஒரு பீர் கடையின் பின்னறையில் ஒன்பது பேர் கூடி லத்தீனிலேயே அரட்டையடிப்பார்கள். அதில் ஹாக்கி ஆட்டக்காரர்களைத் திட்டும் சொற்களை உருவாக்கிக் கொடுத்தவர் இவர்தான். வீட்டில் பூனையோடும் அதே மொழிதான். அவருடைய மனைவி பிரிந்து போகும்போது, பூனை தன்னைவிட நன்றாகப் பதில் சொல்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

கேம் வேலை வந்தபோது அவர் நம்பவில்லை. பதினாறு வருடத்தில் அவரிடம் லத்தீன் கேட்டவர்கள் மொத்தம் ஐந்நூறு பேர் இருக்கலாம். இதை லட்சக்கணக்கானவர்கள் கேட்பார்கள். "ஒரு தலைமுறை காதுல சரியான சத்தம் ஏறப்போகுது" என்று மிரேயிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

நடிகர்களோடு அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. நெடில் வரும் இடத்தில் மேசையை இரண்டு முறை தட்டுவார், குறிலுக்கு ஒரு முறை. தட்டும் சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று ஒலிப்பதிவாளர் கத்தினார். மறுநாளிலிருந்து கையில் குளிருக்குப் போடும் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு தொடையில் தட்டினார். உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த 'வ'வுக்காக, மெழுகுவத்தியை ஊதி அணைக்கப்போகிறவன்போல வாயை வைத்துக்கொண்டு நடிகரின் முன்னால் நிற்பார். ஊர்த்தலைவனாக நடித்த கோர்டன், "இவர் எனக்கு முத்தம் கொடுக்க வர்றாருன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்" என்பார். ஆனால் மூன்றாவது மாதத்தில் கோர்டன் தட்டல் இல்லாமலே நெடிலை நீட்டினார். மரணக் கட்டத்தைப் பதிவு செய்த அன்று பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப்புறம் ஒலிப்பதிவாளர்கூட மூக்கைச் சிந்தினார். மிரேய் அந்தப் பதிவை இருபது தடவையாவது கேட்டிருப்பாள். ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

பத்ரிஸ் முடிவு செய்தபிறகு எல்லா வசனத்தையும் சர்ச்சு உச்சரிப்பில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. லுடோவிக் மறுத்துவிட்டார். ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிந்தது. புதிதாக ஆள் தேட நேரமில்லை. "நீயே சொல்லிக் கொடு" என்றார் பத்ரிஸ். மிரேய் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். சர்ச்சு லத்தீன் அவள் நாக்கில் தானாக வரும். ஏழு வாரம் அவள் லுடோவிக்கின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கட்டியதை வரிவரியாகப் பிரித்தாள். கோர்டன் பழக்க தோஷத்தில் "கீவெஸ்" என்று சொல்லும்போதெல்லாம் "இன்னொரு தடவை" என்றாள்.

"இப்ப இதுதான் சரிங்கற, முன்னாடி அதுதான் சரின்னாரு. யாரு சொல்றதை நம்பறது?" என்று கோர்டன் ஒருநாள் கேட்டார்.

"கேம்ல வர்றதுதான் சரி" என்று பத்ரிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் சொன்னார்.

மார்ச்சில் லுடோவிக் அவளை வெளியே காபிக்கு அழைத்தார். ஒரு கடிதத்தை நீட்டினார். நான்கே வரி. கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் லத்தீன் உச்சரிப்புக்கு எதிரே தன் பெயர் வரக்கூடாது.

"உன் வழியா போனாதான் தயாரிப்பாளர்கிட்ட போய்ச் சேரும். எனக்கு இதைத் தவிர எதுவும் இல்ல, மிரேய். பேரு கெட்டா நான் எங்க போவேன்?"

"கொடுத்துடறேன்" என்றாள்.

கொடுக்கும் எண்ணத்தோடுதான் போனாள். ஆனால் தயாரிப்பாளர் ஜோசியானிடம் முதலில் வாய்விட்டு விசாரித்தாள். ஜோசியான் சிரித்தாள். ஒப்பந்தம் முடியும் முன்னே கிளம்பிப்போனால் பட்டியலில் பெயர் இருக்காது என்பது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். அதற்காக அழுதவர்கள், வக்கீல் வைத்தவர்கள் உண்டு. லுடோவிக் ஒப்பந்தம் முடிந்தே போனவர் என்பதால் அவர் பெயர் ஏற்கெனவே பட்டியலில் ஏறியிருந்தது.

"பேரைப் போடுன்னு சண்டை போட்டவங்களை வரிசையா நிக்க வெச்சா மெட்ரோ வரைக்கும் போகும். எடுன்னு கேக்கற முதல் ஆள் இவருதான். சரி, கையெழுத்துப் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும், எடுத்துடறேன். ஆனா அந்த வரியைக் காலியா விட முடியாது. உன் பேரைப் போட்டுடறேன். கடைசியா சொல்லிக் கொடுத்தது நீதானே?"

கடிதம் அப்போது மிரேயின் பையில்தான் இருந்தது. கையை உள்ளே விட்டால் போதும்.

லத்தீன் தெரிந்தவர்கள் இணையத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். லுடோவிக்கே வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். ஒரு நெடிலைக் குறிலாகச் சொன்ன பழைய கேம் ஒன்றை நூற்றுப்பன்னிரண்டு பேர் சேர்ந்து கிழித்திருந்தார்கள். அங்கே தன் பெயர் கிடப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகு புதன். வெள்ளிக்கிழமை அவள் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்தாள்.

கேம் அக்டோபரில் வெளிவந்தது. நன்றாக ஓடியது. மதில்மேல் ஊர்த்தலைவன் "ச்சீவெஸ்" என்று சொல்லிச் சாக, விளையாடியவர்கள் அழுததாக எழுதினார்கள். பத்ரிஸ் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். லத்தீன் தெரிந்தவர்கள் வேறு எழுதினார்கள். உச்சரிப்பு ஆலோசகர் லுடோவிக் பெல்லமார் எந்த மடத்தில் பாத்திரம் கழுவினார் என்று ஒருவன் கேட்டிருந்தான். பதினான்கு வருடத்துக்கு முன் லுடோவிக் பழைய உச்சரிப்பை விளக்கி எழுதிய கட்டுரையை இன்னொருவன் தேடியெடுத்து, கேமின் காட்சியோடு சேர்த்துப் போட்டான். "ஆள் விலைபோயிட்டாரு" என்று ஒற்றை வரி. அதன்கீழே சர்ச்சு உச்சரிப்புதான் காதுக்கு இனிமை என்று ஒரு கூட்டம், இனிமைக்கும் உண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கூட்டம். நானூறு பதிவுகள். எல்லாவற்றிலும் அவர் பெயர். லுடோவிக் ஒன்றே ஒன்று எழுதினார்: "அது நான் இல்லை." அதற்கும் சிரிக்கும் பொம்மைகள் வந்து குவிந்தன.

மிரேய் வரிக்குவரி வாசித்தாள். அவளும் வாயைத் திறக்க முடியாது. ஸ்டூடியோவுக்குள் நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரையும்போல அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்து வசதியாக இருந்தது.

ஏப்ரலில் ஜான்-தலோன் சந்தையில், கிழங்குக் கடைக்கு முன்னால், அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெலிந்திருந்தார். கல்லூரி லத்தீன் வகுப்பை மூடிவிட்டதாம். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது போவதில்லை, உள்ளே நுழைந்தாலே ஒன்பது பேரும் எழுந்து நின்று "ச்சீவெஸ்!" என்று கோஷம் போடுகிறார்களாம். ரோஸ்மோன் சமூகக்கூடத்தில் சனிக்கிழமை காலை மட்டும் ஒரு வகுப்பு.

"போன வருஷம் ஆறு பேரு. இப்ப எத்தனை பேரு தெரியுமா? இருபத்துமூணு. எல்லாம் கேம் பாத்துட்டு வந்தவங்க. பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்திருக்காங்க."

"நல்லதுதானே?" என்றாள் மிரேய்.

"என்ன நல்லது? ரெஜான்னு ஒருத்தர், பஸ் ஓட்டறாரு. நான் 'கீவெஸ்'னு சொன்னா கையைத் தூக்கறாரு. 'சார், கேம்ல நீங்க வேற மாதிரில்ல சொல்லிக் கொடுத்திருக்கீங்க?' அது நான் இல்லப்பாங்கறேன். 'பேரு போட்டிருக்கே சார், தன்னடக்கமா?'ன்னு கேக்கறாரு. கூடத்துல எல்லாரும் சிரிக்கறாங்க. ரெண்டு பேரு நோட்டுல ரெண்டு பத்தியா எழுதறாங்க, ஒண்ணு நான் சொல்றது, இன்னொண்ணு 'பெல்லமார் முறை'."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கடிதம் கொடுத்தும் எடுக்கல பாரு. எல்லாம் பத்ரிஸ் வேலை. நீ எவ்வளவு சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

மிரேய் கிழங்குகளைப் பார்த்தாள். அவர் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் கிட்டே வந்தார்.

"ஒரு உதவி கேக்கலாமா? ஒரே ஒரு சனிக்கிழமை வா. பத்து நிமிஷம் போதும். ஸ்டூடியோ பேரு வேண்டாம், பத்ரிஸ் பேரு வேண்டாம், உனக்கு எந்தத் தொல்லையும் வராது. கடைசி வரைக்கும் அந்த அறையில இருந்தவ நீதான். அந்த இருபத்துமூணு பேர் முன்னாடி நின்னு, அதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க, மிரேய்."