பாலில் சுகர்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன். பல விஷயம் மறந்தும் போச்சு. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தேன். குழந்தைகளுக்குப் பால் ஊட்டும் மூக்குக் கிண்ணங்களான பாலாடைகளைக் கழுவி வெந்நீரில் போட்டு எடுப்பது என் வேலை. இப்போதும் வீட்டில் கரண்டி கிண்ணத்தில் தட்டினால், பாலாடைச் சத்தம் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து செல்வி வந்திருந்தாள். எட்டு மாதத்தில் பிறந்த பையன், சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. அவள் பால் எடுத்துத் தருவாள், பாலாடையில் ஊட்டுவோம். வயிற்றில் கெட்ட கிருமி சேர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் எல்லோருக்கும் பயம்.

ஒரு நாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது, அவள் கட்டிலருகே நின்று பயிற்சி நர்ஸ்களுக்குப் பாடம் சொன்னார். தாய்ப்பாலில் ஒரு வகை சுகர் இருக்கிறது, அது குழந்தைக்குச் செரிக்காது என்றார். மீதியை இங்கிலீஷில் சொன்னார்.

மத்தியானம் பார்த்தால், செல்வி எடுத்த பாலை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் மாமியார் பால் பவுடர் டின் வாங்கக் கிளம்பி நிற்கிறார்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"என் பால்ல சுகராம், ஆயாம்மா," என்று செல்வி அழுதாள்.

மாமியார் சொன்னார்: "இவ மாமனாருக்குக் கால எடுத்ததே இந்த சுகருதான். தெரிஞ்சிகினே பச்சப்புள்ளைக்குக் குடுப்பாங்களா?"

டாக்டரம்மா அறை வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் சொன்னேன். உடனே எழுந்து வந்தார்.

இது வியாதி சுகர் இல்லை, பிள்ளை வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிக்கான சாப்பாடு என்று அவர்களுக்கு விளக்கினார். நல்ல கிருமி அதைத் தின்று புளிப்பாக்கும், அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தங்காது என்றார்.

"புள்ள பால்ல கிருமிக்குப் பங்கா?" என்றார் மாமியார்.

"பங்கு இல்லம்மா, கூலி. உங்க சாமைக் காட்டுக்குக் காவல் வெச்சா கூலி குடுக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

மாமியார் ஒத்துக்கொண்டார். "குடுக்கணும். இல்லன்னா அவன் போய்டுவான், பன்னி பூந்துடும்." பிறகு, "டின்னுல கூலி இல்லீங்களா?" என்றார்.

சில டின்களில் அந்த மாதிரி ஒன்றிரண்டு சேர்க்கிறார்கள், தாய்ப்பாலில் எத்தனையோ வகை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பால் இல்லாத தாய்க்குப் பவுடர்தான் வழி, அதில் குற்றமில்லை என்றும் சொன்னார்.

செல்விக்குப் பயத்தில் பால் வரவில்லை. மாமியாரே வெந்நீரில் துணி நனைத்து மார்பில் ஒத்தடம் கொடுத்தார். சாயங்காலம் பாலாடையின் அடி நனையும் அளவுக்கு வந்தது. பையன் விழுங்கினான்.

"காவக்காரனுக்கும் சேத்துக் குடிடா," என்றார் மாமியார்.

அதற்கப்புறம் எங்கள் வார்டில் தாய்மார் காதுபட யாரும் சுகர் என்று சொன்னதில்லை, இனிப்பு என்றுதான் சொல்வோம். பாதிப் பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

கிருமி பற்றி நான் எழுதியது சரியா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். செல்விக்குப் பால் ஊறியது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.