நெல்டாவின் எடையும் பிஸ்கட்டின் முதுகும்

ஹேகுட் தீவனக்கடையின் பின்கட்டில் ஒரு மேடைத் தராசு உண்டு. தீவனச் சாக்கு நிறுக்க வைத்தது. காலையில் காப்பி குடிக்க வந்து மத்தியானம் வரை எழுந்து போகாத ஆண்களுக்கோ அது வாய்க்குக் கிடைத்த அவல்.

"சாக்கை இறக்கிட்டு நீ ஏறு நெல்டா. எது கனம்னு பார்த்துருவோம்," என்பார் வெர்ல். மற்றவர்கள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள்.

நெல்டா ஸ்ட்ரவுட் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தாள். நாற்பத்தைந்து வயது, அகன்ற தோள், அதைவிட அகன்ற இடுப்பு. ஐம்பது பவுண்டு சாக்கை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு படியேறுவாள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அதை நகர்த்தவே இரண்டு கை போதாது. அவர்கள் எடையை யார் கேட்டார்கள்? வெர்லின் தொப்பை பெல்ட்டைத் தாண்டித் தொங்கியபடியே மாடு மேய்க்கிறது, அவர் குதிரையைப் பார்த்து ஐயோ பாவம் என்று ஒரு நாக்கும் சொன்னதில்லை.

பீப்பாய்ப் பந்தயம் ஒக்லஹோமாவின் அந்த மூலையில் பெண்களின் ஆட்டம். களத்தில் மூன்று பீப்பாய் நிற்கும். குதிரையில் பாய்ந்து போய் மூன்றையும் உரசாமல் சுற்றிவிட்டு, வந்த வழியே பறந்து வெளியேற வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் வெற்றி கைமாறும். நெல்டாவின் செம்பழுப்புப் பெண் குதிரை பிஸ்கட் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தது. பிறந்த அன்றே தாயை இழந்த அதை நெல்டா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அதன் மேல் வேறு யாரும் ஏறியதில்லை. மாவட்டப் பந்தயத்தில் இருவரும் சேர்ந்து ஒரு சேணமே பரிசாக வாங்கினார்கள், அகலமான, கனமான தோல் சேணம்.

அப்புறம் ஒரே ஒரு பந்தயத்தில், கத்திரிக்கோல் போல மெலிந்த ஒரு பெண்ணிடம், மயிரிழையில் நெல்டா இரண்டாவதாக வந்தாள். போதாதா? எடைதான் காரணம் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

எடை குறைந்தால் குதிரைக்கு இலகுதான், அதை நெல்டாவும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த இன்னொன்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயிரத்து நூறு பவுண்டு மிருகத்துக்கு, அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் எடை பெரிய சுமையில்லை. வளைவில் அவசரப்பட்டு உள்பக்கம் சாயும் எடைதான் அதன் காலை வாரும். அது நோஞ்சான் எடையாக இருந்தாலும் வாரும். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? குண்டுப் பெண் எதைச் சொன்னாலும் அது சாக்கு என்று ஆகிவிடுகிறது.

அவள் புருஷன் ராய்ஸ் நல்லவன்தான். நல்லவன் செய்கிற வேலைதான் சில நேரம் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். ஒருநாள் பிக்கப் வண்டியின் பின்னாலிருந்து புதுச் சேணம் ஒன்றை இறக்கினான். ஒரு கையால் தூக்கிக் காட்டினான்.

"பாரு, இறகு மாதிரி இருக்கு. உன்னோட எடையைக் குறைக்கச் சொன்னா நீ அழுவே. சேணத்தோட எடையையாவது குறைப்போமே."

"என் சேணம் எங்கே ராய்ஸ்?"

"ட்வைலாகிட்ட குடுத்துட்டேன். கேசிக்கு ஆகும்ல?"

ட்வைலா ராய்ஸின் தங்கை. கேசி அவள் மகள், இருபது வயது, ஊதினால் பறந்துவிடுவாள். பந்தயம் ஜெயித்து வாங்கிய சேணத்தை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்தவனை என்ன செய்வது? நெல்டா அன்று சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள், கீல் ஆடிப்போயிற்று.

புதுச் சேணம் வந்தபின் பிஸ்கட் வேகம் கூட வேண்டியதுதானே? குறைந்தது. வாரைக் கட்டும்போது காதைப் பின்னுக்கு மடக்கியது. களத்தின் வாசலில் நின்று அடம்பிடித்தது. சண்டிக் குதிரை இல்லையே அது.

"உன்னைத் தூக்கித் தூக்கி அதுக்கே அலுத்துப்போச்சு அண்ணி," என்றாள் ட்வைலா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் நெல்டாவால் மன்னிக்க முடியவில்லை.

அன்று முதல் நெல்டா சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். ராய்ஸ் வெண்குழம்பு ஊற்றிய ரொட்டியையும் பொரித்த பன்றி இறைச்சியையும் அடுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உண்பான். அவள் அவித்த முட்டையையும் வெள்ளரிக்காயையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவாள். கோடை முழுவதும் இதுதான் கதி. உடம்பு இறங்கியது, பாவாடை தளர்ந்தது. பிஸ்கட்டோ இன்னும் மெதுவானது. ஓட்டம் முடிந்து இறங்கினால் நெல்டாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். பிக்கப்புக்குள் போய்ச் சாய்ந்துவிடுவாள். அதுவரை குதிரையைத் தானே தேய்த்துக் குளிப்பாட்டி வந்தவள், சேணத்தை அவிழ்ப்பதையும் தண்ணீர் அடிப்பதையும் ராய்ஸிடம் விட்டுவிட்டாள்.

மாவட்டச் சந்தைப் பந்தயம் நெருங்கியபோது ராய்ஸ் தொண்டையைச் செருமினான்.

"இந்தாம்மா, கோவிச்சுக்காதே. இளையவங்க பிரிவுல கேசி பிஸ்கட்டை ஓட்டட்டும். பெரியவங்க பிரிவுல நீ ஓட்டு. கேசி வேகமா முடிச்சிட்டான்னா, இனிமே குதிரை அவளோடது. குதிரைக்கும் ஒரு நியாயம் வேணும்ல?"

"என் குதிரைக்கு நியாயம் சொல்ல நீ யாரு?"

கேட்டுவிட்டாள். ஆனால் தூங்கி எழுந்ததும், குதிரையின் நன்மைக்காகத்தான் இருக்குமோ என்று உள்ளே ஒரு குரல் அரித்தது. ஊர் ஆறு மாதம் ஒன்றையே சொன்னால் யாருக்குத்தான் அரிக்காது? சரி என்று தலையாட்டிவிட்டாள். பாழாய்ப்போன தலை.

சந்தை நாளில் வெயில் கொளுத்தியது. டிராக்டர் களத்தின் மண்ணைக் கிளறி முடித்த கையோடு கேசியின் முறை வந்தது. புது மண்ணில் குளம்பு வழுக்காது, நல்ல அதிர்ஷ்டம். நெல்டா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட் தோற்க வேண்டும் என்று விரும்ப முடியவில்லை. ஜெயித்தால் தன் குதிரை போய்விடும்.

பிஸ்கட் வாசலில் பின்வாங்கியது. கேசி சாட்டையை ஓங்கினாள். ஓடியது, முதல் பீப்பாயை அகலமாகச் சுற்றியது, இரண்டாவதில் நடுங்கியது, மூன்றாவதை இடித்துத் தள்ளியது. நெல்டா ஓட்டிய மோசமான ஓட்டத்தைவிட அது மோசம். சந்தைக் கூட்டம் உச்சுக்கொட்டியது.

கேசி அழுதுகொண்டே இறங்கினாள். "அத்தை, இதுக்கு ஏதோ ஆயிடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணலை."

"குதிரை கெட்டுப்போச்சு அண்ணா. வித்துத் தொலை," என்றாள் ட்வைலா.

ராய்ஸ் சேணத்தை அவிழ்க்கக் கை நீட்டினான். நெல்டா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வாரைத் தானே அவிழ்த்தாள், சேணத்தையும் அடியில் விரித்த கம்பளத்தையும் ஒரே இழுப்பில் எடுத்தாள்.

குதிரையின் முதுகு முழுவதும் வேர்வையில் கறுத்து நனைந்திருந்தது. பிடரி முடிகிற மேட்டில் மட்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் காய்ந்த வைக்கோல் போல வறண்டு கிடந்தது. புதுச் சேணத்துக்குள் இருக்கும் குறுகிய சட்டம் இடுக்கி போலக் கவ்விய இடங்கள் அவை. ரத்தமே ஓடாத இடத்தில் வேர்வை எங்கிருந்து வரும்? நெல்டா ஒரு விரலை வைத்தாள். பிஸ்கட் முட்டி மடங்கித் தாழ்ந்தது.

"இதை நீ பார்த்ததே இல்லையா ராய்ஸ்?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். "பார்த்தேன். எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அங்க வேர்க்கலையே, எடை குறைஞ்சதால சிரமப்படலை போலன்னு நினைச்சேன்."

"எப்பவும்?"

"கோடை பூரா."

நெல்டாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இறகு போன்ற சேணத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் நெஞ்சில் எறிந்தாள். அவன் தடுமாறி மண்ணில் உட்கார்ந்தான்.

"இதை உன் முதுகுல கட்டிக்கிட்டு ஓடு! வாயில்லாத ஜீவன் வலிக்குதுன்னு நாளெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க எல்லாரும் என் இடுப்பை அளந்துக்கிட்டு இருந்தீங்க!"

ட்வைலா கீழே விழுந்த சேணத்தை எடுத்துத் தூசி தட்டினாள். கேசிதான் ஓடிப்போய்த் தன் டிரெய்லரிலிருந்து பழைய கனமான சேணத்தைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"போட்டுக்கோ அத்தை. உன் முறை வரப்போகுது. காட்டிக் குடு எல்லாருக்கும்."

ராய்ஸும் எழுந்து, "ஆமா, ஓட்டும்மா," என்றான். இப்போது அவனுக்கு ரோஷம் வந்துவிட்டதாம்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. நெல்டாவின் கை பழைய சேணத்தின் தோலைத் தடவியது. ஏறினால் போதும், கூட்டத்தின் வாயை அடைத்துவிடலாம். பிஸ்கட் அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது.

"இன்னிக்கு இவ முதுகுல எவளும் ஏறக்கூடாது," என்றாள். "நானும்தான்."

பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து வெர்லின் குரல் நன்றாகவே கேட்டது: "குதிரை மாட்டேன்னுடுச்சு போல!" சிரிப்பு அலை அலையாக வந்தது. நெல்டா திரும்பிப் பார்க்காமல் சந்தைக் கடைக்கு நடந்தாள், சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ் இரண்டு வாங்கினாள், குதிரையின் பக்கத்தில் நின்றபடியே தின்றாள். கோபத்தில் ருசி தெரியவில்லை, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

குளிர்காலம் முழுவதும் பிஸ்கட் மேய்ச்சலில் சும்மா கிடந்தது. வசந்தத்தில் நெல்டா பழைய சேணத்தைப் போட்டு ஏறினாள். இறங்கிய உடம்பு பழையபடி ஏறியிருந்தது, கொஞ்சம் கூடவே. முதல் பந்தயத்திலேயே குதிரை தன் பழைய வேகத்தில் பறந்தது. தீவனக்கடையில் ஒரு வாரத்துக்கு யாரும் தராசைப் பற்றிப் பேசவில்லை. அதற்கே அவளுக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

ஆனால் அந்த இரண்டு இடத்திலும் முளைத்த முடி வெள்ளையாக முளைத்திருந்தது. செம்பழுப்பு முதுகில் இரண்டு வெள்ளைத் திட்டு. அழுந்திச் செத்த இடத்தில் இனி நிறம் வராது.

ஒரு பந்தயத்தில் வெளியூர்ப் பெண் ஒருத்தி குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள், "அழகா இருக்கே, பிறவி மச்சமா?"

பக்கத்தில் நின்ற ராய்ஸ் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா," என்றாள் நெல்டா, வாரை இறுக்கியபடி. "நான் குண்டுன்னு இவங்க சொன்னாங்க. நானும் நம்புனேன். அதோட தழும்பு."